துருவை மட்டும் திருடியவர்

"திருடன் ரொம்பத் தங்கமான மனுஷன் அத்தான்," என்றான் மச்சான். "புதுசா இருக்கிற ஒண்ணையும் தொடலை."

அவன் சொன்னது உண்மைதான். மெக்கானிக் ஷெட்டின் பின்னறையில் பெட்டி பிரிக்காத பேட்டரிகள் இருந்தன. புத்தம்புதுச் சக்கரங்கள் நான்கு, உறை கழற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தன. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் அளவுக்கு ஒரு ரிவர்ஸ் கேமரா மேஜைமேலேயே கிடந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு எவனோ துருப்பிடித்த பழைய சாமான்களை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருந்தான்.

சர்வேயர் காலி அலமாரியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுத்தவர் அவர். இப்போது சலவைக்கடை மாடியில் இரண்டு அறை எடுத்துத் துப்பறிகிறார். மச்சான் அவர் மனைவியின் தம்பி. செருப்புக் கடை, சர்க்கஸ் டிக்கெட் கவுண்டர், பல் டாக்டரின் வரவேற்பறை என்று மூன்று இடத்தில் வேலை பார்த்து, மூன்றையும் வாயால் கெடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். "உங்களுக்கு ஒரு உதவியாள் வேணும்ல?" என்று அக்கா கேட்டாள். அதைக் கேள்வி என்று நினைத்துச் சர்வேயர் யோசிக்க ஆரம்பித்ததுதான் அவர் துப்பறியும் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு.

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்க சார்," என்றார் டைல்ஸ் முதலாளி. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ என்று புதிதாகக் கட்டிய குளியலறைச் சுவர் போலப் பளபளவென்று நின்றார். "நாலு மணி வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள சாமான் வரலைன்னா இவனைப் போலீஸ்ல கொடுத்துடுவேன். புகார் எழுதிக் கையெழுத்தே போட்டாச்சு." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

இவன் என்று அவர் சொன்னது மெக்கானிக்கை. ஊரில் அவருக்குக் 'காது' என்று பெயர். ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால் வண்டிக்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவார். முப்பது வருடமாக இந்த ஒரே ஷெட். அடுத்தவர் வண்டியின் ஒரு நட்டு அவர் பைக்குள் போனதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நான் விக்கலை முதலாளி."

"விக்கலைன்னா எங்கடா போச்சு? கால் முளைச்சு நடந்துபோச்சா?"

"நான் விக்கலை."

காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் இவ்வளவுதான்.

விஷயம் இதுதான். முதலாளியிடம் மாமனார் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே சீட். மூன்று வருடமாக அதைப் 'புதுப்பித்து' வந்தார். நாளைக் காலை பழைய கார் சங்கத்தின் அணிவகுப்பு. 'அசல்' பிரிவில் தனக்குத்தான் முதல் பரிசு என்று முடிவுகட்டி, கடை வாசலில் நான்கு ஆள் உயரத்துக்குப் பேனரும் கட்டிவிட்டார். நேற்றுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வண்டியில் எதையெல்லாம் மாற்றினீர்களோ, அந்தப் பழைய பாகங்களையும் நடுவர்களிடம் காட்ட வேண்டும். இல்லையேல் வண்டி 'உருமாறியவை' பிரிவில் நிற்கும். அந்தப் பிரிவில் ஏற்கெனவே ஐஸ்கிரீம் வண்டியாகிவிட்ட ஒரு ஸ்கூட்டரும், கோழிக்கூண்டாகிவிட்ட ஒரு ஜீப்பும் பதிவாகியிருந்தன. முதலாளி பதறியடித்து ஷெட்டுக்கு ஓடிவந்தார். அலமாரி காலி.

"பேருக்குத்தான் இவன் பெரிய ஒழுங்கு சார்," என்றார். "ஒரு சாமான் கழட்டினா அதுக்கு ஒரு அட்டைச் சீட்டு. 'வேணும்', 'வேண்டாம்'னு அதுல ரெண்டு கட்டம். ஓனர் ஒண்ணுல டிக் அடிச்சுக் கையெழுத்துப் போடணும். பாதியைக் கிழிச்சு சாமான்ல கட்டுவான், பாதியை நம்மகிட்டக் கொடுத்துடுவான்."

"நீங்க எதுல டிக் அடிச்சீங்க?"

"எனக்கு ஏது சார் அதுக்கெல்லாம் நேரம்? வீட்டுல கொடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லிடுவேன். துருப்பிடிச்ச இரும்புல வேணும் என்ன, வேண்டாம் என்ன!"

சர்வேயர் தலையாட்டிவிட்டு மறுபடி அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"மச்சான், இங்க வா. வட்டமா ஒரு தடம் தெரியுதா? ஸ்டியரிங் இருந்த இடம்."

"தூசி மெத்தை மாதிரி இருக்கு அத்தான். ஆள் படுத்துக்கலாம்."

"இது?"

"கதவு நின்ன இடமா? துடைச்சு வெச்ச மாதிரில்ல இருக்கு."

"எல்லாம் ஒரே நாள்ல போயிருந்தா எல்லா இடத்துலயும் தூசி ஒரே மாதிரி இருக்கணும்."

மச்சான் விசில் அடித்தான். "அப்ப மூணு வருஷமா தவணை முறையில திருடியிருக்கான்!"

மூலையில் சாமான்களைச் சுற்றிவைத்த துணிகள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றும் நான்கு முனையும் சேர மடிக்கப்பட்டிருந்தது. கட்டிய நூல்களை யாரும் அறுக்கவில்லை. பொறுமையாக முடிச்சவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

"திருட வந்தவன் துணி மடிச்சுட்டா போவான்?" என்றான் மச்சான். "எங்கக்கா வீட்டுல நான் மடிக்கிறதே இல்லை."

"அது எனக்குத் தெரியும்," என்றார் சர்வேயர்.

அலமாரியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பொருள். பித்தளையில் ஒரு ஹாரன், பின்னால் கறுப்பு ரப்பர் உருண்டையோடு.

"அது நான் வாங்கிப் போட்டது சார்," என்றார் முதலாளி பெருமையாக. "கல்யாணமான வருஷம். பழைய வண்டின்னா ஒரு கம்பீரம் வேணாமா?"

மச்சான் உருண்டையை அமுக்கினான். தொண்டை கட்டிய வாத்து ஒன்று ஷெட்டுக்குள் இருமியது.

"ரொம்பக் கம்பீரம்," என்றான்.

"அதை எடுத்துப் பையில வெச்சுக்கோ," என்றார் சர்வேயர். பிறகு குனிந்து அலமாரிக்கு அடியிலிருந்து எதையோ உருவினார். பெட்டி கட்டும் நீல நிறப் பிளாஸ்டிக் பட்டை, முழ நீளத்துக்கு. அதை விரலில் சுற்றிக்கொண்டே ஷூவால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"சிமெண்டுத் தரைதான் போலிருக்கு?"

ரொம்பச் சாதாரணக் கேள்வி. ஆனால் மெக்கானிக்கின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

*

வீட்டுப் போர்ட்டிகோவில் கார் நின்றது. சிவப்பு. பார்த்தால் கண் கூசியது.

"பழமை மாறாம அப்படியே வெச்சிருக்கேன் சார்," என்று முதலாளி சுற்றிக் காட்டினார். "உள்ள பாருங்க, வட்ட வட்டமா பழைய மீட்டர். எல்லாம் டச் ஸ்க்ரீன்."

பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பழைய மீட்டர்களின் படத்தைக் காட்டும் ஒரு திரையை வைத்திருந்தார். எஞ்சினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார். அது சத்தமே போடவில்லை என்பதால், பழைய எஞ்சின் உறுமுவதைப் பதிவுசெய்து சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கரில் ஓடவிட்டிருந்தார். சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு பட்டன். பழைய தோல் வாசனைக்கு ஒரு ஸ்ப்ரே. தகர உடம்புக்குப் பதில் ஃபைபர். அடிச்சட்டம்கூடப் புதுசு.

"இதுல பழசு எது சார்?" என்று சர்வேயர் பணிவாகக் கேட்டார்.

முதலாளி வெகுநேரம் யோசித்தார். "கலர்," என்றார் கடைசியில்.

"முன்னாடி பச்சைங்க," என்று ஒரு குரல் வந்தது.

முதலாளியம்மா டீயோடு நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தட்டை வைத்துவிட்டு, காரை ஏறிட்டும் பார்க்காமல் திரும்பினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றார் சர்வேயர். "சீட்டோட அளவு பாக்கணும். என் மச்சான் உக்காந்தா சீட்டே தெரியாது. நீங்க கொஞ்சம் உக்கார முடியுமா?"

"அவளா?" முதலாளி சிரித்தார். "அவளுக்கு வண்டியில முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியாது சார். சரி, உக்காரு. எதையும் தொட்டுடாதே."

அவள் உட்கார்ந்தாள். சர்வேயர் அளவுநாடாவை நீட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "மேடு வருதுன்னு வெச்சுக்கோங்க, கியரைக் குறைக்கணும்," என்றார்.

அரை நொடிதான். அவளுடைய இடது கால் எழுந்து, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒன்று, இரண்டு என்று மிதித்தது. உடனே காலை இழுத்துக்கொண்டாள். முதலாளி ஸ்பீக்கர் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார், எதையும் கவனிக்கவில்லை.

"போதும்மா," என்றார் சர்வேயர். குரலைத் தாழ்த்தினார். "நாலு மணிக்குள்ள அந்தப் பழைய சாமானெல்லாம் வந்தாகணும். இல்லைன்னா காதைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிடும். உங்களுக்குத் தெரியும்தானே?"

அவள் சட்டென்று காரைவிட்டு இறங்கினாள். "போலீஸா? நீங்க வண்டிக்கு மதிப்புப் போட வந்தவர்னுல்ல சொன்னார்!"

டீ ஆறும்வரை சர்வேயரும் மச்சானும் அங்கே நிற்கவில்லை. தெருவுக்கு வந்ததும் சர்வேயர் கேட்டார்.

"பாத்தியா?"

"என்னத்த?"

"அந்தம்மா காலை."

மச்சான் நடுத்தெருவில் நின்றுவிட்டான். "அத்தான், நான் உங்க உதவியாள்தான். ஆனா முதல்ல எங்கக்காவுக்குத் தம்பி."

"அடச்சே! கிளட்ச்சே இல்லாத வண்டியில அவங்க கிளட்ச்சை மிதிச்சாங்க. அதுவும் ரெண்டு தடவை. அந்தக் காலத்து கியர்பாக்ஸ்லதான் ரெண்டு தடவை மிதிக்கணும், கியரை வெளிய எடுக்க ஒண்ணு, உள்ள போட ஒண்ணு. வருஷக்கணக்கா ஓட்டாம இருந்திருந்தா கால் மறந்திருக்கும். அந்தக் காலுக்கு மறக்கலை."

"அப்ப நேத்துக்கூட ஓட்டியிருக்காங்களா? எதை? வண்டிதான் துண்டு துண்டா போயாச்சே."

"அதைத்தான் பாக்கணும்." சர்வேயர் பையிலிருந்து நீலப் பட்டையை எடுத்தார். "இது எந்தப் பெட்டியைக் கட்டுறது, சொல்லு?"

*

டைல்ஸ் கடையின் பின்வாசலில் இருநூறு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. இருநூற்றிலும் அதே நீலப் பட்டை.

டெலிவரி குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார். யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"மெக்கானிக் ஷெட்டா? மாசம் ரெண்டு தடவை டைல்ஸ் போகுது சார். தரை போடுறாங்களாம்."

"மூணு வருஷமாவா?"

"ராசியில்லாத தரை சார். போறது எல்லாம் உடைஞ்சே திரும்பி வருது. நேரா உடைசல் கிடங்குக்கு அனுப்பிடுவோம்."

"முதலாளி ஒண்ணும் கேக்கலையா?"

"உடைசல்னு சொன்னாலே அவருக்கு ஆகாது சார். அந்தத் தெருவுலயே கால் வைக்க மாட்டார். கிடங்கு முழுக்க அம்மா பொறுப்பு. சாவியும் அவங்ககிட்டதான்."

"பெட்டி கனமா இருக்குமா?" என்று கேட்டான் மச்சான்.

"தூக்குறவங்க திட்டுவாங்க. ஒரு பெட்டியில எண்ணெய்கூட ஒழுகிச்சு. நான் அம்மாகிட்டச் சொன்னேன். 'வெளிநாட்டு டைல்ஸ், அப்படித்தான் இருக்கும்'னாங்க."

வெளியே வந்ததும் மச்சான் தலையைச் சொறிந்தான். "எல்லாம் சரி அத்தான். கதவு, சக்கரம், எஞ்சின் பெட்டியில வந்துச்சு. அடிச்சட்டம்? அதுக்குப் பெட்டி செஞ்சா வீடு மாதிரில்ல இருக்கும்?"

"அதையும் கேட்டேன். போன வருஷம் ஷெட்டுலேர்ந்து ஒரு நீளமான இரும்புச் சட்டம் லாரியில வந்துச்சாம். கடைக்கு அலமாரி செய்யன்னு சொன்னாங்களாம்."

"அலமாரி செஞ்சாங்களா?"

"நாலு சக்கரம் வெச்ச அலமாரி," என்றார் சர்வேயர். "முதலாளிக்குப் போன் பண்ணு. உடைசல் கிடங்குக்கு வரச் சொல்லு. காதையும் கூட்டிட்டு வரட்டும்."

*

மூன்றே முக்காலுக்கு முதலாளி வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, காலடியில் நொறுங்கும் ஒவ்வொரு சில்லுக்கும் முகம் சுளித்தார். காது அவருக்குப் பின்னால் வந்தார். கிடங்கின் பெரிய தகரக் கதவைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க எதுக்கு சார் கூட்டிட்டு வந்தீங்க? என் மானத்தை வாங்கவா? சாமான் எங்க?"

"எல்லாம் இருக்கு சார். மொத்தமும்."

"இவன் இங்கயா ஒளிச்சு வெச்சான்? என் கிடங்குலயே?" முதலாளி சட்டைப்பைக்குள் கையை விட்டுப் புகாரை வெளியே எடுத்தார். "போதும். நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

அப்போது கதவுக்கு உள்ளே ஏதோ செருமியது. மறுபடி செருமியது. பிறகு உறுமியது. தகரக் கதவு கடகடவென்று ஆடியது.

முதலாளி குழம்பிப்போனார். "ஸ்பீக்கரை யார் போட்டது? கார் வீட்டுல இல்ல நிக்குது?"

காது கண்ணைத் திறந்தார். காலையிலிருந்து முதல்முறையாக முகத்தில் வெளிச்சம் வந்தது. "மூணாவது சிலிண்டர் கொஞ்சம் இருமுது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "சரியாயிடும்."

கதவு திறந்தது. உடைந்த டைல்ஸ் மலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பச்சைக் கார் மெதுவாக வெளியே வந்தது. ஒரு கதவில் பெயிண்ட் உரிந்திருந்தது. முன்கண்ணாடியின் ஓரத்தில் கீறல். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த முதலாளியம்மா, கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தாள். முன்கையில் கறுப்பாக எண்ணெய்.

"இது... இது என் வண்டி!" என்றார் முதலாளி.

"உங்க வண்டி போர்ட்டிகோவுல சார்ஜ் ஏறிட்டு இருக்கு சார்," என்றார் சர்வேயர்.

"திருட்டு! கட்டின பொண்டாட்டியே..."

அவள் எஞ்சினை நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். "ஒவ்வொண்ணா நீங்கதான் கொண்டுவந்து கொடுத்தீங்க, கையெழுத்துப் போடுன்னு. படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். நாற்பத்தாறு சாமானுக்கு நாற்பத்தாறு 'வேணும்'. வேணும்னு கேட்டவங்ககிட்ட அவர் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்."

முதலாளி சீட்டுகளைப் புரட்டினார். ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "இதுல மட்டும் 'வேண்டாம்'னு இருக்கே?"

"அது ஹாரன்."

மச்சான் பையைக் கொஞ்சம் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில நேரா அணிவகுப்புக்கு ஓட்டிட்டு வரலாம்னு இருந்தேன்," என்றாள் அவள். "அதுவரைக்கும் மூச்சு விடாதீங்கன்னு அவர்கிட்ட வாக்கு வாங்கியிருந்தேன். அதுக்காக ஜெயிலுக்குப் போகவும் நின்னுட்டார். போலீஸ்னு நீங்க என்கிட்டச் சொல்லியிருந்தா காலையிலேயே கதவைத் திறந்திருப்பேன்."

"உனக்கு... உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"அப்பா இதுலதான் கத்துக்கொடுத்தார்."

"சொல்லவே இல்லையே!"

"பதினெட்டு வருஷத்துல நீங்க கேக்கவே இல்லையே."

முதலாளி சர்வேயர் பக்கம் திரும்பினார். "சட்டப்படி இது என்னோடது சார். நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன். அடிச்சட்டத்துல அடிச்ச நம்பர்தான் சார் வண்டிக்கு உயிர். அந்த நம்பர் இதோ இதுல இருக்கு. பதிவுப் புத்தகம் யார் பேர்ல?"

"என் பேர்ல," என்றாள் அவள். "அப்பா எனக்குத்தான் எழுதி வெச்சார்."

"அப்ப என் சிவப்பு வண்டி?"

"புது அடிச்சட்டத்துக்கு நம்பர் வாங்கினீங்களா?"

"அதுக்கு எதுக்கு நம்பர்?"

சர்வேயர் ரொம்ப அனுதாபத்தோடு சொன்னார். "அப்ப அது ரொம்ப அழகான சாமான் சார். ஆனா வண்டி இல்லை. தெருவுக்குக் கொண்டுவர முடியாது."

"போர்ட்டிகோவுலயே வெச்சுப் பாட்டுக் கேக்கலாம்," என்றான் மச்சான். "ஏ.சி.யும் இருக்கு."

முதலாளி அங்கே கிடந்த ஒரு உடைசல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைப் பேன்ட்டைப் பற்றிய நினைப்பே அவருக்கு இல்லை.

"முதல்ல அந்தப் பேப்பரை அவர்கிட்டக் கொடுங்க," என்றாள் அவள்.

புகார் கை மாறியது. காது அதைப் படிக்கவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து, அவள் வண்டியை அணைக்கும்வரை காத்திருந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். புகாரில் அதை நன்றாகத் துடைத்தார். திரும்பச் செருகி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"எண்ணெய் சரியா இருக்கும்மா," என்றார். "நாளைக்கு ஓட்டலாம்."

"காது... வந்து..." முதலாளி எழுந்தார். "காலையில நான் பேசினது தப்பு. மனசுல வெச்சுக்காதே." ஒரு நிமிடம் நின்று, திருத்திக்கொண்டார். "வெச்சுக்காதீங்க."

காது தலையாட்டினார். கறுத்துப்போன புகாரைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

முதலாளியம்மா மறுபடி எஞ்சினைக் கிளப்பினாள். முதலாளி வண்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "நாளைக்கு... பேனர்ல என் படம் போட்டிருக்கே," என்றார் மெல்ல.

"பக்கத்து சீட் காலியாத்தான் இருக்கு. ஏ.சி. கிடையாது. பெட்ரோல் வாடை வரும். சத்தத்தைக் குறைக்கப் பட்டனும் இல்லை."

அவர் ஏறி உட்கார்ந்தார். சீட்டின் ஸ்பிரிங் ஒன்று கத்தியது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். "இதுல எனக்கு என்ன வேலை?"

மச்சான் அத்தானைப் பார்த்தான். சர்வேயர் தலையசைத்தார். பையிலிருந்து ஹாரனை எடுத்து முதலாளியின் மடியில் வைத்தான்.

"இது ஒண்ணுதான் சார் காணாமப் போகலை. உங்களோடது."

கார் கிடங்கு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. அங்கே டைல்ஸ் கடையின் சொந்த வேனே குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அவளுடைய இடது கால் ஒன்று, இரண்டு என்று மிதித்தது.

"அடிங்க," என்றாள்.

முதலாளி இரண்டு கையாலும் உருண்டையைப் பிடித்து, முழு மூச்சோடு அமுக்கினார்.

வேன் வழிவிட்டது.